பாரசீகச் சமயக் காப்பியங்கள்: எழுதுபவர்கள் சறுக்கும் இடங்கள்

முதல் சறுக்கல் காலக்கணக்கில். 1501-ல் ஈரானில் சஃபவி அரச மரபினர் ஷியா அரசை நிறுவிய பிறகே, நபிகளின் மருமகனும் ஷியாக்களின் முதல் இமாமுமான அலியின் வீரத்தைப் பாடும் காப்பியங்கள் வந்தன என்று எழுதிவிடுகிறார்கள். ரபீ என்ற புனைபெயர் கொண்ட கவிஞர் 'அலி நாமா'வை 1089-லேயே முடித்துவிட்டார். அலி நடத்திய ஜமல், சிஃப்பீன் போர்கள்தான் கதை. ஈரானின் பழைய மன்னர்களையும் வீரர்களையும் பாடும் ஷாநாமாவை ஃபிர்தௌசி முடித்து அப்போது எண்பது ஆண்டுகூட ஆகவில்லை.

சரி, அப்படியானால் இவை ஷாநாமாவின் நகல்களா? இப்படிக் கேட்பதே கோளாறு. ஷாநாமாவின் பெருவீரன் ருஸ்தமின் கதை படித்துப் பெருமை பேசாதே என்று ரபீ கண்டிக்கிறார். கண்டிப்பதோ ருஸ்தம் கதையின் அதே யாப்பில்! அந்த யாப்புக்கு முதகாரிப் என்று பெயர். ஷாநாமாவின் முதலடியை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள்: 'ப நாமே குதாவந்தெ ஜானோ கிரத்' (உயிருக்கும் அறிவுக்கும் இறைவனின் பெயரால்). ஒரு குறுகிய அசை, இரண்டு நீண்ட அசை. இப்படி மூன்று முறை வந்து, கடைசியில் ஒரு குறுகியதும் ஒரு நீண்டதுமாக அடி முடியும். மொத்தம் பதினோரு அசை. குதிரைக் குளம்படி மாதிரி ஓடும் இந்த ஓசையைக் கேட்டுப் பழகிய காதுக்கு வேறு யாப்பில் போர் பாடினால் எடுபடாது. ஷாநாமாவோடு மல்லுக்கு நின்றவர்களும் அதன் களத்தில்தான் இறங்க வேண்டியிருந்தது.

யாப்பை மட்டும் நம்பினாலும் ஏமாறுவோம். யூசுஃப் நபியின் கதையைச் சொல்லும், முதகாரிபில் அமைந்த ஒரு 'யூசுஃப் சுலைகா'வை நெடுங்காலம் ஃபிர்தௌசியின் தலையில் கட்டினார்கள். அதிலுள்ள காணிக்கையோ செல்ஜுக் சுல்தான் ஆல்ப் அர்ஸ்லானின் மகனுக்கு. ஃபிர்தௌசி இறந்து பல்லாண்டு கழித்து வந்தவர் அவர்.

அடுத்தது, எல்லாவற்றையும் வரலாறாகப் படிப்பது. இப்னு ஹுசாம் 1427-ல் முடித்த 'காவரான் நாமா'வில் அலி கற்பனை நாடுகளில் பூதங்களோடும் பறவை நாகங்களோடும் மோதுகிறார். இதில் தேதி தேடக் கூடாது. ஆசிரியர் கிழக்கு ஈரானின் குஸ்ஃப் ஊர்க்காரர், உழவர். காலையில் வயலுக்குப் போனவர் மாலைக்குள் மண்வெட்டிக் காம்பில் கவிதை எழுதிவைப்பாராம். பழைய கவிஞர் வரலாற்று நூல் ஒன்று சொல்லும் சேதி இது. மெய்யோ பொய்யோ, எனக்குப் பிடித்த சித்திரம்.

சமயம் என்றால் இஸ்லாம் மட்டும்தான் என்பதும் பிழை. ஷீராஸைச் சேர்ந்தவராகச் சொல்லப்படும் யூதக் கவிஞர் ஷாஹீன் 1327-ல் மோசேயைப் பற்றி 'மூசா நாமா' பாடினார். மொழி பாரசீகம், எழுத்து எபிரேயம். ஈரானின் பழைய சமயத்தை நிறுவிய சரதுஷ்ட்ரரைப் பாடும் 'சரதுஷ்த் நாமா'வும் உண்டு.

நபிகளின் தந்தையின் சகோதரரான ஹம்சாவின் சாகசங்களைச் சொல்லும் ஹம்சா நாமாவை இந்த வரிசையில் சேர்க்காதீர்கள், அது உரைநடை.

இவை ஈரானுக்குள்ளேயே அடங்கியவையும் அல்ல. நபிகளையும் அலியையும் போற்றும் 'ஹம்லயே ஹைதரி'யைப் பாடிய பாசில் முகலாய இந்தியாவில் அதிகாரியாக இருந்தவர். அதை முடிக்காமலேயே 18-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் இறந்தார், மிச்சத்தை வேறொருவர் பாடி முடித்தார். ஈரானில் அதைச் சபையில் ஓதுவதே தனிக் கலையாகி 'ஹம்லா கானி' என்று பெயரும் பெற்றது. 'காவரான் நாமா'வோ பீஜாப்பூர் அரசி கதீஜா சுல்தான் கேட்டுக்கொண்டபடி, 1649-ல் ருஸ்தமி என்ற கவிஞரின் கையால் தக்காணத்தில் வழங்கிய உருது வடிவமான தக்கினி மொழிக்கு வந்து சேர்ந்தது.