காற்றில் ஆடிய கேரவன்: எடை மேடை சொன்ன விஷயம்

நாகர்கோவிலில் இருந்து காவல்கிணறு போகும் வழியில், ஆரல்வாய்மொழி தாண்டியதும் முப்பந்தல் காற்றாலைகள் வரும். ஆனி, ஆடியில் மேற்குக் காற்று அங்கே சும்மா விடாது. என் கேரவன் 60ஐத் தாண்டினாலே ஸ்டியரிங் லேசாகிவிடும். லாரியைக் கடந்து முடிக்கிற நொடியில் வண்டி வலப்பக்கம் ஒரு முழம் ஒதுங்கும்.

வீல் அலைன்மென்ட் பார்த்தாயிற்று. ஷாக் அப்சார்பர் நான்கையும் மாற்றச் சொன்னார்கள், மாற்றினேன். டயரில் காற்றும் சரியாகத்தான் இருந்தது. பர்ஸ் இளைத்ததுதான் மிச்சம்.

துப்பு கிடைத்தது தண்ணீர்த் தொட்டியில். அது நிரம்பியிருந்தால்தான் இந்த ஆட்டம். காலியாக ஓட்டினால் அதே காற்றில் வண்டி அடங்கிப் போனது. எடை மேடையில் முன் சக்கரங்களை மட்டும் ஏற்றி, தொட்டி காலியாக ஒரு முறை, நிரப்பி ஒரு முறை எடை போட்டேன். 200 லிட்டர் ஏற்றியதும் முன் அச்சில் எடை 70 கிலோ குறைந்தது! பின் அச்சுக்கும் பின்னால் இருந்த தொட்டி, சீசா பலகை போல வண்டியின் மூக்கைத் தூக்கியிருக்கிறது. மொத்த எடை மட்டும் போட்டிருந்தால் இது தெரிந்தே இருக்காது.

தொட்டியை இரண்டு அச்சுகளுக்கும் நடுவே, தளத்துக்கு அடியில் மாற்றினேன். பேட்டரிகளும் முன்னால் வந்தன. இப்போது வண்டி நேராகப் போகிறது, அப்பாடா. அதற்காக அங்கே பறப்பதில்லை, 50தான். லாரியின் மறைவு முடியும் இடத்தில் காற்று ஒரு அறை விடும். அதற்கு முன்பே இரண்டு கையும் ஸ்டியரிங்கில் இருக்க வேண்டும்.