மலைக்கோட்டையை எந்தப் பக்கம் எழுதுவது?

ஒன்றாம், இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு அடையாள இடங்களைச் சொல்லித்தரும்போது பெரும்பாலும் கரும்பலகை நடுவே ஒரு கோடு விழும். இந்தப் பக்கம் இயற்கை: மலை, அருவி, ஏரி. அந்தப் பக்கம் மனிதர் உருவாக்கியவை: கோயில், பாலம், அணை. பிள்ளைகள் மளமளவென்று ஒப்பித்துவிடுவார்கள். ஆனால் நம் ஊர்ப்பக்கம் பேர்போன இடங்கள் பலவும் அந்தக் கோட்டின் மேலேயே உட்கார்ந்திருக்கின்றன.

திருச்சி மலைக்கோட்டையையே எடுத்துக்கொள்ளுங்கள். பாறை தானாக இருந்தது. அதில் பல்லவர் காலக் குடைவரை உண்டு. உச்சிப் பிள்ளையார் கோயிலும் படிகளும் ஆட்கள் செய்தவை. கன்னியாகுமரியில் 133 அடித் திருவள்ளுவர் சிலை மனிதர் வேலை, அது நிற்கும் பாறை அப்படியல்ல. "ரெண்டும்தான் டீச்சர்" என்று ஒரு குழந்தை சொன்னால் அதற்கு முழு மதிப்பெண் கொடுங்கள். தப்பு என்று சிவப்பு மையில் அடிப்பதுதான் முதல் தவறு. "முன்பே இருந்தது எது? ஆட்கள் வந்து என்ன செய்தார்கள்?" என்று கேட்டால் போதும், கோடே வேண்டாம்.

அடுத்தது, தண்ணீரும் பச்சையும் தெரிந்தாலே 'இயற்கை' என்று எழுதவைப்பது. கொடைக்கானல் ஏரி 1863இல் ஆங்கிலேய அதிகாரி ஒருவரின் முயற்சியில் உருவாக்கப்பட்டது. ஊட்டி ஏரியும் செயற்கைதான். வீராணம் சோழர் காலத்து ஏரி. மெரினாகூட முழுக்க இயற்கை என்று சொல்லிவிட முடியாது. 19ஆம் நூற்றாண்டில் துறைமுகம் கட்டிய பிறகு அதன் தென்புறம் மணல் சேர்ந்து சேர்ந்துதான் கரை இவ்வளவு அகலமானது. ஆறு வயதுக் குழந்தையிடம் மணலோட்டம் பற்றியெல்லாம் பேச வேண்டியதில்லை. "இந்த ஏரிக்குக் கரை போட்டது யார்?" என்று கேட்டாலே யோசிக்கத் தொடங்கிவிடும்.

மாமல்லபுரத்துக்குச் சுற்றுலா கூட்டிப்போய், படம் எடுத்து, ஐஸ்க்ரீம் வாங்கிக் கொடுத்துத் திரும்புவதும் ஒரு தவறுதான். இந்தப் பாடத்துக்கு அதைவிட நல்ல இடம் கிடைப்பது கஷ்டம். முதலில் வெண்ணெய் உருண்டைப் பாறை: சரிவில் நிற்கும் அந்தக் கல்லை யாரும் உருட்டி வைக்கவில்லை. பின்பக்கமும் அழைத்துப்போங்கள், முன்னால் உருண்டையாகத் தெரிந்த பாறை அங்கே பாதி வெட்டியதுபோல இருக்கும். பிறகு ஐந்து ரதங்கள்: இருந்த பாறையையே மேலிருந்து கீழாகச் செதுக்கியவை. கடைசியாகக் கடற்கரைக் கோயில்: கல்லை வெட்டிவந்து அடுக்கிக் கட்டியது. இரண்டுக்கும் வித்தியாசம் எப்படித் தெரியும்? கல்லும் கல்லும் சேருகிற கோட்டைத் தேடச் சொல்லுங்கள். கடற்கரைக் கோயிலில் வரிசை வரிசையாகத் தெரியும்; ரதத்தில் தேடித் தேடிப் பார்த்தாலும் அடுக்கு வராது. தொடாமல், கண்ணால் மட்டும். பாறைகளில் வரிசையாக ஆப்புக் குழிகள் கண்ணில் பட்டால் விட்டுவிடாதீர்கள். கல்லைப் பிளக்கப் போட்டவை அவை.

ரதங்களுக்குப் பாண்டவர் பேர் இருப்பதால் அங்கே அவர்கள் கதையும் வரும். "அதெல்லாம் பொய்" என்று வெடுக்கென்று சொல்ல வேண்டாம். அர்ச்சுனன் வந்து செதுக்கினான் என்றும் விட்டுவிட வேண்டாம். பேர் கதையிலிருந்து வந்தது, செதுக்கவைத்தவர்கள் பல்லவ ராஜாக்கள். அவ்வளவு போதும், குழந்தைகள் இரண்டையும் வைத்துக்கொள்வார்கள்.

எடுத்த எடுப்பில் எவரெஸ்ட், தாஜ்மகால் என்று சார்ட் ஒட்டுவது கடைகள் நமக்குப் பழக்கிய வழக்கம். சார்ட்டில் மலையும் மகாலும் ஒரே உள்ளங்கை அளவு. எது எவ்வளவு பெரியது என்று பிள்ளைக்கு எப்படிப் புரியும்? தெருமுனைத் தண்ணீர்த் தொட்டி, பஸ் ஸ்டாப் ஆலமரம், ஊர்க் கண்மாய், ரயில்வே கேட் ஆகியவற்றில் தொடங்குங்கள். அடையாளம் என்பதே வழி சொல்லத்தானே.

அதனால் பரீட்சையும் அப்படியே இருக்கட்டும். பத்து இடங்களின் பேரை எழுதச் சொல்வதற்குப் பதிலாக, "உன் வீட்டுக்கு வர எனக்கு வழி சொல்லு" என்று கேளுங்கள். "மரம் வரும், அப்புறம் மசூதி வரும், அங்க திரும்பணும்" என்று சொல்லும்போது நிறுத்தி, மரம் தானாக முளைத்ததா, யாராவது நட்டதா என்று கேளுங்கள். குழந்தைக்குத் தெரியாது. பாட்டியிடம் கேட்டுக்கொண்டு வரச் சொல்லுங்கள்.