கண்ணளவு வேண்டாம், ஸ்நாப் போடுங்கள்: ஆட்டோகேடில் ஒரு தறி லிவர்

சேலத்துப் பட்டறைகளுக்கு ஆட்டோகேட் என்ற டிராயிங் சாஃப்ட்வேரில் டிராயிங் போட்டுக் கொடுக்கிற வேலை என்னுடையது, புதிதாகப் பழக வருகிறவர்கள் பெரும்பாலும் ஒரே இடத்தில்தான் இடறுகிறார்கள். கோடு வரும், வட்டம் வரும், இரண்டையும் சேர்க்கும்போது மட்டும் ஸ்க்ரீனைப் பெரிதாக்கிக் கண்ணளவில் கொண்டுபோய் ஒட்டுவார்கள். பார்க்க ஒட்டின மாதிரிதான் இருக்கும், ஆனால் மயிரிழை இடைவெளி நின்றுவிடும். எனக்கும் ஆரம்பத்தில் லேசர் கட்டிங்கிலிருந்து ஒரு ஃபைல் அப்படித்தான் திரும்பி வந்தது.

விசைத்தறிக்கு ஒரு லிவர் பிளேட்டையே வரைவோம். மையத்துக்கு மையம் 80 மி.மீ., ஒரு முனையின் வெளி ஆரம் 20, மற்றதற்கு 12.

எஃப்3 தட்டி ஸ்நாப்பை, அதாவது கர்சரைச் சரியான புள்ளியில் தானாக ஒட்டவைக்கும் வசதியை, ஆன் செய்யுங்கள். எண்ட்பாயின்ட் (கோட்டின் முனை), சென்டர் (வட்டத்தின் மையம்), இன்டர்செக்‌ஷன் (கோடுகள் வெட்டும் இடம்) மூன்றும் போதும், எல்லாவற்றையும் டிக் செய்தால் வேண்டாத புள்ளியைப் பிடித்து இழுக்கும். 0,0-வில் ஆரம் 20-க்கு ஒரு வட்டம், 80,0-வில் ஆரம் 12-க்கு ஒரு வட்டம்.

பக்கம் நேராக இருந்தால் போதும் என்றால் வேலை சுலபம். லைன் கமாண்டில் ஷிஃப்டோடு ரைட் கிளிக் செய்து டேன்ஜென்ட் எடுத்து முதல் வட்டத்தின் மேல்பக்கம் தொடுங்கள், மறுபடி டேன்ஜென்ட், இரண்டாவது வட்டத்தின் மேல்பக்கம். பத்தாம் வகுப்பில் காம்பஸ் வைத்துப் போட்டோமே தொடுகோடு, அதேதான், புள்ளியை மட்டும் சாஃப்ட்வேர் கண்டுபிடிக்கிறது.

இடுப்பு ஒடுங்கின லிவர்தான் கொஞ்சம் யோசிக்க வைக்கும். சர்க்கிள் கமாண்டில் டிடிஆர் (டேன்ஜென்ட், டேன்ஜென்ட், ரேடியஸ்) எடுங்கள், இரண்டு வட்டத்தையும் தொட்டுக்கொண்டு நாம் சொல்லும் ஆரத்தில் மூன்றாவது வட்டம் வரும். எங்கே கிளிக் செய்கிறீர்களோ அதற்குப் பக்கத்தில் தொடும் வட்டத்தைத்தான் அது தேர்ந்தெடுக்கும், அதனால் மேல்பக்கம்தான், ஆனால் இரண்டு வட்டமும் ஒன்றையொன்று பார்க்கும் ஓரமாகத் தொடுங்கள். வெளி ஓரத்தில் தொட்டால் இரண்டையும் உள்ளே அடைத்துக்கொண்டு ஒரு பெரிய வட்டம் வந்து நிற்கும்.

ஆரம் எவ்வளவு? இரண்டு வட்டத்துக்கும் நடுவே உள்ள இடைவெளி 80-லிருந்து 32 போக 48, அதில் பாதி 24. அதற்குக் கீழே, 20 என்று கொடுத்தால், அப்படி ஒரு வட்டமே இல்லை என்று சொல்லிவிடும், அது சாஃப்ட்வேர் கோளாறு இல்லை. 60 கொடுத்தால் வட்டம் வரும், ஆனால் கீழ்ப்பக்கமும் அதே வளைவு வந்ததும் இடுப்பு 9 மி.மீ.கூட இருக்காது, தறி அடிக்கிற அடியில் அது நிற்கும் என்று எனக்கு நம்பிக்கை இல்லை. 100 கொடுங்கள், இடுப்பு கிட்டத்தட்ட 17 வரும்.

அப்புறம் இரண்டு மையத்தையும் அச்சாக வைத்து மிரர், கண்ணாடியில் தெரிகிற மாதிரி கீழேயும் அதே வளைவு வரும், வேண்டாத வளைவுகளை ட்ரிம். ஏற்காடு மலைப்பாதையின் கொண்டை ஊசி வளைவில் ஸ்டியரிங்கை வெடுக்கென்று திருப்பாமல் எப்படி வழுக்கிக்கொண்டு போவோமோ, வளைவும் வளைவும் சேருமிடம் அப்படி இருக்க வேண்டும். முனை தெரிந்தால் எங்கோ டேன்ஜென்ட் விட்டுப்போயிருக்கிறது.

வெளிக்கோடு முழுவதையும் ஜாயின் கொடுத்து, பிராப்பர்ட்டீஸில் குளோஸ்டு என்ற இடத்தில் யெஸ் இருக்கிறதா பாருங்கள். நோ என்றிருந்தால் அந்த ஃபைலை அனுப்பாதீர்கள். முனைகளில் ஓட்டை வேண்டுமென்றால் அவை தனி வட்டங்களாகவே இருக்கட்டும். கட்டிங்குக்கு அனுப்பும் டிஎக்ஸ்எஃப் ஃபைலாகச் சேமிக்கும் முன் யூனிட் மில்லிமீட்டர்தானா என்றும் பார்த்துவிடுங்கள், இன்ச் என்று எடுத்துக்கொண்டால் பிளேட் 25.4 மடங்காகிவிடும்.