வெந்நீர் சிலிண்டரில் சேஃப்டி வால்வு சொட்டுகிறதா? ஸ்பேனரை எடுப்பதற்கு முன்

அழுத்தத்தில் இயங்கும் வெந்நீர் சிலிண்டரில் சேஃப்டி வால்வு சொட்டத் தொடங்கினால், பலரும் முதலில் செய்வது அந்த வால்வையே கழற்றி மாற்றுவதுதான். கொஞ்ச நாளில் புது வால்வும் சொட்டும். வால்வில் கோளாறு இருந்தால்தானே மாற்றிச் சரியாகும்? பெரும்பாலும் அது தன் வேலையைத்தான் செய்துகொண்டிருக்கிறது. உள்ளே அழுத்தம் ஏன் ஏறியது என்று பார்க்காமல் கை வைப்பதுதான் மற்ற தவறுகளுக்கெல்லாம் வாசல் திறந்துவிடுகிறது.

முதலில், எந்த வால்விலிருந்து நீர் வருகிறது என்று பாருங்கள். குளிர்நீர் உள்ளே வரும் பக்கத்தில் இருப்பது விரிவு நீரை வெளியேற்றும் வால்வு. அது பெரும்பாலும் 6 பாரில் (பார் என்பது அழுத்தத்தின் அலகு) திறக்கும். சிலிண்டரின் மேல்பகுதியில் இருப்பது வெப்பம், அழுத்தம் இரண்டுக்கும் பொதுவான வால்வு. 90 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போதோ, அதன் தகட்டில் பொறித்த அழுத்தம் வந்தாலோ திறக்கும். அடுத்து, எப்போது சொட்டுகிறது என்று கவனியுங்கள்.

தண்ணீர் சூடாகும்போது மட்டும் சொட்டி, பிறகு நின்றுவிட்டால், விரியும் நீருக்கு இடம் கொடுக்கும் எக்ஸ்பான்ஷன் டேங்கில் காற்று போய்விட்டது. ஹீட்டரை அணைத்து வைத்தாலும் இரவும் பகலும் சொட்டினால், அழுத்தம் குறைக்கும் வால்வு பிடிக்கவில்லை, அல்லது சேஃப்டி வால்வின் இருக்கையில் மண்துகள் சிக்கியிருக்கிறது. கொதிக்கக் கொதிக்க நீர் பீறிட்டு வந்தால் தெர்மோஸ்டாட் வேலை செய்யவில்லை. அப்போது மின்சாரத்தை உடனே துண்டியுங்கள். பதற்றத்தில் குளிர்நீர் வால்வை அடைத்துவிடாதீர்கள், உள்ளே இருக்கும் சூட்டைத் தணிப்பது அந்த நீர்தான்.

எக்ஸ்பான்ஷன் டேங்க்

10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாகும் நீர் சுமார் 1.7 சதவீதம் விரியும். 200 லிட்டர் சிலிண்டரில் அது கிட்டத்தட்ட மூன்றரை லிட்டர். இந்த நீர் போய்த் தங்குவதற்காகத்தான் ரப்பர் டயாபிரம் வைத்த அந்தச் சிறு டேங்க். டயாபிரத்தின் மறுபக்கத்தில் இருக்கும் காற்று நாளாக ஆகக் கசிந்து குறையும்.

காற்றழுத்தத்தைச் சோதிப்பதில்தான் நிறையப் பேர் சறுக்குகிறார்கள். சிலிண்டரில் நீரழுத்தம் இருக்கும்போதே டயர் கேஜை வைத்தால், காட்டுவது நீரின் அழுத்தத்தையே. அதைப் பார்த்துவிட்டு காற்று சரியாக இருக்கிறது என்று முடிவு கட்டிவிடுவார்கள். சரியான வழி இது: மின்சாரத்தை நிறுத்துங்கள், குளிர்நீர் வால்வை மூடுங்கள், ஒரு வெந்நீர்க் குழாயைத் திறந்து அழுத்தம் முழுவதும் போன பிறகு அதைத் திறந்தபடியே வைத்து கேஜை வையுங்கள். அளவு, அழுத்தம் குறைக்கும் வால்வில் வைத்திருக்கும் அளவுக்குச் சமமாக இருக்க வேண்டும். பெரும்பாலான அமைப்புகளில் அது 3 அல்லது 3.5 பார். குறைந்திருந்தால் சைக்கிள் பம்பே போதும். 'இருக்கட்டும்' என்று 5 பார் வரை ஏற்றிவிடுவதும் தவறுதான்: நீரழுத்தம் 5 பாரைத் தொடும்வரை ஒரு சொட்டு நீரும் டேங்குக்குள் போகாது, அதற்குள் சேஃப்டி வால்வு திறக்கும் அழுத்தம் நெருங்கிவிடும். காற்று அடைக்கும் பின்னை அழுத்தியதும் நீர் வந்தால் டயாபிரம் கிழிந்துவிட்டது. டேங்கையோ டயாபிரத்தையோ மாற்றித்தான் ஆக வேண்டும்.

சில சிலிண்டர்களில் தனி டேங்க் இருக்காது, உள்ளேயே மேற்பகுதியில் காற்று இடைவெளி இருக்கும். அந்தக் காற்று நீரில் கரைந்து தீர்ந்தால் திரும்ப நிரப்ப வேண்டும். தயாரிப்பாளர் கொடுத்த முறைப்படிதான் செய்ய வேண்டும்.

மிக்ஸர் குழாயின் வழியே வரும் அழுத்தம்

அழுத்தம் குறைக்கும் வால்வைப் புதிதாக மாற்றியும் சொட்டு நிற்கவில்லை என்றால், பெரும்பாலும் யாரும் பார்க்காத இடம் குளியலறை மிக்ஸர். வீட்டின் குளிர்நீர்க் குழாய் சில இடங்களில் அந்த வால்வுக்கு முன்பே பிரிந்து போயிருக்கும். அப்படியானால், உதாரணத்துக்கு, மிக்ஸரின் குளிர்நீர்ப் பக்கம் 6 பார், வெந்நீர்ப் பக்கம் 3 பார். மிக்ஸருக்குள் இருக்கும் என்ஆர்வி (நீரைப் பின்னோக்கி விடாத வால்வு) தேய்ந்திருந்தால் குளிர்நீர், வெந்நீர்க் குழாய் வழியாகப் பின்னோக்கி சிலிண்டருக்குள் ஏறும். சோதிப்பது எளிது. சிலிண்டருக்கு வரும் குளிர்நீர் வால்வை மூடுங்கள், ஒரு தனி வெந்நீர்க் குழாயைத் திறங்கள். சற்று நேரத்தில் நீர் நின்றுபோக வேண்டும். நிற்காமல் வந்துகொண்டே இருந்தால் எங்கோ ஒரு மிக்ஸர் கசியவிடுகிறது. ஒவ்வொரு மிக்ஸரின் ஆங்கிள் வால்வையும் ஒன்றன்பின் ஒன்றாக மூடிப் பார்த்தால் அகப்பட்டுவிடும். பிறகு, அழுத்தம் குறைக்கும் வால்வுக்குப் பக்கத்தில் இருக்கும் ஸ்ட்ரெய்னர் வலையையும் கழற்றிக் கழுவுங்கள். வெந்நீர் வேகம் குறைவதற்குப் பல நேரம் அதுவே காரணம்.

சொட்டுவதை நிறுத்த சேஃப்டி வால்வின் வாயில் பிளக் போடுவதோ, அதற்கும் சிலிண்டருக்கும் நடுவில் ஒரு அடைப்பு வால்வு போடுவதோ கொலைக்குச் சமம். சாதாரண காற்றழுத்தத்தில் நீர் 100 டிகிரியில் கொதிக்கும். சிலிண்டருக்குள் கூடுதலாக 4 பார் இருந்தால், சுமார் 150 டிகிரி வரை கொதிக்காமல் நீராகவே நிற்கும். அந்த நிலையில் சிலிண்டர் பிளந்தால் நீரின் ஒரு பகுதி நொடியில் ஆவியாகி ஆயிரம் மடங்குக்கு மேல் விரியும். சேஃப்டி வால்விலிருந்து நீரை வெளியே கொண்டுபோகும் கழிவுக் குழாயும் இதே விதிக்கு உட்பட்டது. அது தொடர்ந்து கீழ்நோக்கிச் சரிய வேண்டும், எங்கும் மேலேறக் கூடாது, நடுவில் அடைப்பு வால்வு கூடாது, நுனி கண்ணுக்குத் தெரியும் இடத்தில், யார் மேலும் படாதவாறு முடிய வேண்டும்.

மின்பகுதியில்

சூடு எல்லை மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் கட்-அவுட் ட்ரிப் ஆனதும் ரீசெட் பொத்தானை அழுத்திவிட்டுப் போவது பெரும் தவறு. அது கையால் மட்டுமே மீட்கும்படி வைத்திருப்பதே ஒருவர் வந்து காரணத்தைப் பார்க்க வேண்டும் என்பதற்காக. தெர்மோஸ்டாட்டின் கான்டாக்ட் உருகி ஒட்டியிருக்கலாம். மின்சாரத்தைத் துண்டித்து, டெஸ்டரால் உறுதி செய்து, கம்பியைக் கழற்றி, தண்ணீர் நன்கு சூடாக இருக்கும்போதே டயலைக் குறைந்தபட்சத்துக்குத் திருப்பி மல்டிமீட்டரில் பாருங்கள். அப்போதும் தொடர்பு காட்டினால் ஒட்டிவிட்டது. கட்-அவுட் இல்லாத மலிவான தெர்மோஸ்டாட்டை அந்த இடத்தில் பொருத்தவே கூடாது.

230 வோல்ட்டில் 3 கிலோவாட் எலிமென்ட் (நீரைச் சூடாக்கும் பாகம்) 13 ஆம்பியர் இழுக்கும், அதன் மின்தடை 17 முதல் 18 ஓம் வரை இருக்கும். ஓம் சரியாக இருந்தும் பிரேக்கர் விழுகிறது என்றால், மல்டிமீட்டரின் குறைந்த வோல்ட்டில் தெரியாத எர்த் கசிவு இருக்கலாம். அதற்கு 500 வோல்ட் மெகர் (இன்சுலேஷனைச் சோதிக்கும் கருவி) தேவை. 1 மெகா ஓமுக்குக் கீழே வந்தால் எலிமென்ட்டை மாற்றுங்கள்.

செம்புச் சிலிண்டரில் எலிமென்ட்டைக் கழற்றும்போது, மின்சாரத்தைத் துண்டித்து நீர் ஆறிய பிறகு, காலி செய்வதற்கு முன்பே பெட்டி ஸ்பேனரால் இம்மி அளவு அசைத்துக்கொள்ளுங்கள். நீர் நிறைந்த சுவர் விறைப்பாக நிற்கும், காலியான பின் முறுக்கினால் தகடு நெளிந்துவிடும்.

நீரை வடிப்பது, நிரப்புவது

வெந்நீர்க் குழாயைத் திறக்காமல் கீழே வடிகுழாயை மட்டும் திறந்தால் காற்று உள்ளே போக வழியிருக்காது. வெற்றிடம் உருவாகி செம்புச் சிலிண்டர் உள்வாங்கும், எனாமல் பூச்சுள்ளதில் பூச்சு விரிசல் விடும். நிரப்பும்போதும் தூரத்துக் குழாயைத் திறந்தே வைத்து, காற்றுக் குமிழி அடங்கி நீர் ஒரே சீராக வந்த பிறகுதான் ஸ்விட்ச். எலிமென்ட் நீரில் மூழ்காமல் ஓடினால் சில நிமிடங்கள்கூடத் தாங்காது.

எனாமல் பூசிய இரும்புச் சிலிண்டரில் சிலிண்டர் துருப்பிடிக்காமல் இருக்கத் தானே கரையும் மெக்னீசிய ஆனோடு ராட் தேய்ந்து, நடுக்கம்பி வெளியே தெரியத் தொடங்கினால் மாற்றுங்கள். சாஃப்ட்னர் வைத்து மென்மையாக்கிய நீர் ஓடும் இடங்களில் அது சீக்கிரமே கரையும், ஆண்டுக்கொரு முறை பார்ப்பது நல்லது. உப்புப் படிவைக் கரைக்க ஹைட்ரோகுளோரிக் ஆசிட் ஊற்றினால் துருப்பிடிக்காத எஃகில் பொத்தல் விழும். சிட்ரிக் ஆசிட் போதும்.

மின்செலவைக் குறைக்க தெர்மோஸ்டாட்டை 45 டிகிரிக்கு இறக்குபவர்கள் உண்டு. நுரையீரலைத் தாக்கும் லெஜியோனெல்லா கிருமி 20 முதல் 45 டிகிரி வரை நன்றாகப் பெருகும். சிலிண்டரில் 60 வைத்துக்கொண்டு, குழாய் முனையில் கலக்கும் வால்வு போட்டு 50க்குக் கீழே இறக்குங்கள். 60 டிகிரி நீர் தோலைப் பொசுக்க ஐந்து நொடி போதும்.

வேலை முடிந்ததும் ஒரு முழுச் சுற்று சூடாக்கி கழிவுக் குழாயைக் கவனியுங்கள். நீர் ஆறியபின் மறுபடி பாருங்கள். காற்றழுத்தம் எவ்வளவு வைத்தீர்கள், எந்தத் தேதியில் என்பதை எக்ஸ்பான்ஷன் டேங்கின் மேலேயே மார்க்கரால் எழுதிவிடுங்கள்.