இம்மினென்ட்: விழும் தறுவாயில் ஒரு சொல்

கல்லூரிக் கருத்தரங்கு ஒன்றுக்கு ஆங்கில அழைப்பிதழ் எழுதிக் கொடுத்தேன். 'புகழ்பெற்ற அறிஞர்' என்று நினைத்துக்கொண்டு சிறப்பு விருந்தினருக்கு 'இம்மினென்ட் (imminent) ஸ்காலர்' என்று பட்டம் சூட்டிவிட்டேன். அச்சாகி வந்தபின் பேராசிரியர் ஒருவர், "ஏம்ப்பா, ஐயா எப்போ நம்ம தலைமேல விழப்போறார்?" என்றார். அன்றைக்குத்தான் இந்தச் சொல்லோடு உட்கார்ந்தேன்.

முதலில் மனதில் ஒரு படம் வேண்டும். இதன் வேர் 'இம்மினேரே' என்ற லத்தீன் வினை. தலைக்கு மேல் துருத்திக்கொண்டு நிற்பது என்று பொருள். மழையில் ஊறிச் சாய்ந்த மண்சுவரை நினைத்துக்கொள்ளுங்கள். இன்னும் விழவில்லை, ஆனால் எந்த நிமிடமும் விழலாம். 'இன் இம்மினென்ட் டேஞ்சர் ஆஃப் கொலாப்ஸ்' என்றால் விழும் தறுவாயில் இருக்கிறது. இதை 'உடனடி' என்று மொழிபெயர்த்தால் பல இடங்களில் உதைக்கும். உடனடி என்பது இம்மீடியட்.

அடுத்து, எங்கே பொருந்தும் என்று பாருங்கள். ஒருவன் கம்பை ஓங்கிவிட்டான் என்றால் அது 'இம்மினென்ட் த்ரெட்'. "நாளைக்கு வா, பாத்துக்கறேன்" என்பது வெறும் மிரட்டல். தற்காப்புச் சட்டம் பற்றிய ஆங்கிலக் கட்டுரைகளில் இந்தச் சொல் அடிக்கடி வருவது இதனால்தான். ஆபத்துக்கு மட்டும்தான் என்றில்லை. தேர்தல் அறிவிப்பு இதோ அதோ என்றிருந்தால் அதுவும் இம்மினென்ட்தான்.

இப்போது நான் விழுந்த குழி. புகழ்பெற்றவர் 'எமினென்ட்' (eminent). இரண்டுமே சரியான சொற்கள், அதனால் எழுத்துப்பிழை திருத்தி சிவப்புக்கோடு போடாது. அதை நம்பித்தான் கெட்டேன். நான் கண்டுபிடித்த வழி: இம்மினென்ட்டுக்கு 'இ', 'இதோ வந்துவிட்டது'. எமினென்ட்டுக்கு 'எ', 'எல்லோருக்கும் தெரிந்தவர்'. ஆங்கிலத்தில் எழுதும்போது 'm' எழுத்தையும் எண்ணுங்கள்: முதலாவதில் இரண்டு, அடுத்ததில் ஒன்று. 'இம்மனென்ட்' (immanent) என்று மூன்றாவதாக ஒன்றும் உண்டு, உள்ளுறைந்திருப்பது என்று பொருள். தத்துவம் படிக்காதவர்கள் விட்டுவிடலாம்.

அகராதி என்றால் என் ஓட்டு லாங்மேன், கேம்பிரிட்ஜ் போன்ற மாணவர் அகராதிகளுக்கு. பொருளைவிட அதிலுள்ள எடுத்துக்காட்டு வாக்கியங்களைப் படியுங்கள். ஒற்றைச் சொல்லில் தமிழ் தரும் செயலிகள் எனக்குப் பிடிப்பதில்லை.

பிற்சேர்க்கை: அடுத்த மாதத் தேர்வை இம்மினென்ட் எனலாமா என்று இரண்டு பேர் கேட்டிருந்தார்கள். வேண்டாம். தேதி குறித்து, சாவகாசமாக வரப்போவது 'அப்கமிங்'. இன்னொருவர் 'இம்பென்டிங்' (impending) பற்றிக் கேட்டார். அதுவும் விரைவில் நடக்கப்போவதைத்தான் சொல்லும். ஆனால் பெரும்பாலும் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் வரும்: 'தி இம்பென்டிங் ஸ்ட்ரைக்'. வாக்கியத்தின் கடைசியில் வைக்க வேண்டுமென்றால் 'தி ஸ்ட்ரைக் இஸ் இம்மினென்ட்' என்றே எழுதுங்கள்.