பூசை முடிந்ததும் காப்பி: அன்பியக்காரர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

கன்னியாகுமரி மாவட்டத்துக் கத்தோலிக்கப் பங்குகளில் காப்பி பிடிக்காத ஆளைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். ஆனால் வீட்டில் மணக்க மணக்கக் காப்பி போடுகிற கைகளே, அன்பியக் கூட்டத்தில் (அன்பியம் என்றால் பங்கில் அக்கம்பக்கத்து வீடுகள் சேர்ந்த சிறு குழு) அறுபது பேருக்குப் போடும்போது சொதப்பிவிடுகின்றன. பெரும்பாலும் காரணம் ஒன்றுதான்: முன்கூட்டியே எல்லாவற்றையும் கலந்து வைத்துவிட்டு, ஆட்கள் வர வரச் சூடாக்குவது.

டிக்காஷனை அடுப்பில் ஏற்றவே கூடாது. கொதித்தால் மணம் ஆவியோடு போய், கசப்புதான் அண்டாவில் மிஞ்சும். பாலை மட்டும் சூடாக வைத்திருந்து, கொடுக்கும் நேரத்தில் கலக்குங்கள். டிக்காஷன் ஆறிவிட்டதா? பாத்திரத்தோடு வெந்நீரில் இறக்கி வைத்தால் போதும்.

பெரிய பில்டர் இல்லையென்று தூளை அண்டாவில் கொட்டிக் கொதிக்க விடுவது அடுத்த தவறு. அன்பியத்து வீடுகளிலிருந்து நாலைந்து பில்டர்களை வாங்கி வரிசையாக வையுங்கள். 100 கிராம் தூளுக்கு அரை லிட்டர் தண்ணீர் என்று தொடங்கி, உங்கள் ருசிக்குக் கூட்டிக் குறைக்கலாம். தண்ணீர் கொதித்து இறக்கி ஒரு நிமிடம் ஆனபின் ஊற்றுங்கள். 92 முதல் 96 டிகிரி வரை நல்ல பதம். தூளை இறுக அழுத்தினால் டிக்காஷன் இறங்காது, அப்படியே விட்டால் தண்ணீராக ஓடிவிடும். லேசாகச் சமன் செய்தாலே சரி.

கறுப்பாக, கெட்டியாக இருந்தால் நல்ல காப்பி என்று நம்பாதீர்கள். அது சிக்கரியின் வேலையாகவும் இருக்கலாம். கலவைத்தூளில் 49 சதவீதம் வரை சிக்கரிக்குச் சட்டமே இடம் கொடுக்கிறது. பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்து வாங்குங்கள்.

கருப்பட்டி நம்ம ஊர்ச் சரக்கு, சரி. அதைக் கொதிக்கிற பாலில் போட்டால் திரிந்துவிடக்கூடும். பால் சேர்க்காத கட்டன் காப்பிதான் அதற்குப் பொருத்தம். இன்னொன்று: கருப்பட்டி என்பதால் சர்க்கரை நோய்க்காரர் தாராளமாகக் குடிக்கலாம் என்று சொல்லாதீர்கள். அதுவும் சர்க்கரைதான். இனிப்பில்லாத காப்பியைத் தனிப் பிளாஸ்கில் வையுங்கள்.

பூசைக்குக் கிளம்பும்போது ஒரு வாய் காப்பி குடிப்பவர்கள் நேரத்தைக் கணக்குப் பார்க்க வேண்டும். ஒரு காலத்தில் நள்ளிரவிலிருந்தே நோன்பு. 1964 முதல், பூசையில் நற்கருணை அப்பம் வாங்குவதற்கு ஒரு மணி நேரம் முன்பு நிறுத்தினால் போதும். தண்ணீருக்கும் மருந்துக்கும் தடையில்லை. காப்பி அந்தக் கணக்கில் வராது, எவ்வளவு நீர்க்கப் போட்டாலும்!

தவக்காலத்துக்குக் காப்பியை விடுகிறவர்கள் பலர் அது தொடங்கும் திருநீற்றுப் புதனன்று ஒரேயடியாக நிறுத்துகிறார்கள். கடைசிக் காப்பி குடித்து 12 முதல் 24 மணி நேரத்துக்குள் தலைவலி தொடங்கும்; சிலருக்கு ஒரு வாரம்கூட நீளும். அதனால் ஒரு வாரம் முன்பே ஒவ்வொரு வேளையாகக் குறைத்து வாருங்கள். அந்த நாற்பது நாளும் கூட்டத்தில் அவர்கள் கையில் டம்ளரைத் திணிக்காமல் இருப்பது மற்றவர்கள் பாடு.