மாலையைக் கழற்றிய பிறகும் சிகரெட்டைத் தொடாமல் இருக்க

கார்த்திகையில் மாலை போட்டுக்கொண்டு, சபரிமலைக்குப் போய்த் திரும்பும்வரை ஒரு சிகரெட்கூடத் தொடாதவர்கள் எல்லா ஊரிலும் இருக்கிறார்கள். அதற்கு முந்தைய நாள்வரை தினம் ஒரு பாக்கெட் ஊதியவர்களும் அவர்களில் உண்டு. பல்லைக் கடித்துக்கொண்டு 41 நாளையோ 48 நாளையோ கடந்துவிடுகிறார்கள். ஆனால் மலையிறங்கி மாலையைக் கழற்றிய அன்றே பலர் கையில் மறுபடியும் தம்.

நிகோடின் கிடைக்காமல் உடம்பு படும் பாடு இரண்டாம், மூன்றாம் நாளில் உச்சத்துக்குப் போகும். நான்கு வாரத்துக்குள் பெரும்பாலும் அடங்கிவிடும். அப்படியானால் 41 நாள் கழித்து அவரை இழுத்தது எது? டீக்கடை, கூட்டாளி, சாப்பிட்டு முடித்த அந்த நேரம், ‘விரதம்தான் முடிந்துவிட்டதே’ என்ற நினைப்பு. விடுவது ஒரு வேலை, விட்ட பிறகு திரும்பாமல் இருப்பது வேறு வேலை. முதலாவதற்கு மருந்துக்கடையில் உதவி கிடைக்கும். இரண்டாவதை நீங்கள்தான் இடம் இடமாகப் பார்த்துச் சரிசெய்ய வேண்டும்.

விடுவதற்கு முன் ஐந்து நாள்

இன்றிலிருந்து இரண்டு வாரத்துக்குள் ஒரு தேதியைக் குறியுங்கள். அதற்கு முன் ஐந்து நாள், வழக்கம்போலவே பிடியுங்கள். ஆனால் ஒவ்வொன்றையும் பற்றவைப்பதற்கு முன்பே செல்போனிலோ துண்டுச் சீட்டிலோ எழுதுங்கள்: மணி என்ன, எந்த இடம், கூட யார், எவ்வளவு அவசியமாக இருந்தது (1 முதல் 5 வரை). பிடித்த பிறகு எழுதினால் எல்லாமே அவசியமாக இருந்ததுபோலத்தான் தோன்றும்.

ஐந்தாம் நாள் ராத்திரி பட்டியலைப் பாருங்கள். பத்தில் ஐந்தாறுக்கு நேரே 1 அல்லது 2 இருந்தால் ஆச்சரியப்படாதீர்கள். அவை சும்மா கை நீட்டியதால் வந்தவை. 4, 5 விழுந்தவைதான் உங்களை மடக்கப்போகிறவை. அவை மூன்றோ நான்கோதான் இருக்கும். உங்கள் திட்டம் முழுக்க அந்த மூன்று நான்கு நேரங்களுக்குத்தான்.

இன்னொன்றும் பாருங்கள். எழுந்து அரை மணி நேரத்துக்குள் முதல் சிகரெட் வேண்டியிருக்கிறதா? ஆம் என்றால் உடம்பு நிகோடினுக்கு நன்றாகவே பழகிவிட்டது. மருந்தில்லாமல் வெறும் வைராக்கியத்தை நம்பி இறங்காதீர்கள்.

முந்தைய நாள் பெட்டிக்கடைக் கணக்கைத் தீர்த்துவிடுங்கள். கடைக்காரரிடமே சொல்லுங்கள்: “அண்ணே, நாளையிலிருந்து கேட்டாலும் குடுக்காதீங்க.” அவர் கொடுக்கத்தான் செய்வார், அது வேறு விஷயம். ஆனால் கேட்க உங்களுக்குக் கூச்சம் வரும், அது போதும். லைட்டர், ஆஷ்ட்ரே, வண்டிப் பெட்டியில் கிடக்கும் பழைய பாக்கெட் எல்லாம் வீட்டை விட்டுப் போக வேண்டும். ‘அவசரத்துக்கு ஒன்று இருக்கட்டும்’ என்று வைத்தால் மூன்றாம் நாள் அந்த அவசரம் கட்டாயம் வரும்.

சூயிங்கத்தை மெல்லாதீர்கள்

நிகோடின் சூயிங்கம், தோலில் ஒட்டும் நிகோடின் பேட்ச் போன்றவை விடுவதில் வெற்றி பெறும் வாய்ப்பைச் சுமார் ஒன்றரை மடங்காக்குகின்றன. இருந்தும் ‘எனக்கு அது வேலை செய்யவில்லை’ என்று சொல்பவர்கள் பலர். காரணம் பெரும்பாலும் பயன்படுத்திய விதம்தான்.

சாதாரண சூயிங்கம்போல மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குப் போய்விடும். விக்கலும் நெஞ்செரிச்சலும்தான் மிச்சம். ஏக்கம் அப்படியே இருக்கும். சரியான முறை இது: மெதுவாகச் சில கடி கடியுங்கள். நாக்கில் மிளகு பட்டதுபோல் சுள்ளென்று வரும். உடனே நிறுத்தி, கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவில் ஒதுக்கி வையுங்கள். ஒரு நிமிடத்தில் அந்தச் சுள்ளாப்பு குறையும். மறுபடி இரண்டு மூன்று கடி, இந்தமுறை வேறு பக்கம் ஒதுக்குங்கள். இப்படி அரை மணி நேரம். வாயில் போடுவதற்கு 15 நிமிடம் முன்பிருந்து டீ, காபி, ஜூஸ் எதுவும் வேண்டாம். வாயில் புளிப்புத்தன்மை ஏறினால் நிகோடின் சரியாக உறிஞ்சப்படாது.

அடுத்த தவறு, குறைவாகப் போடுவது. ஏக்கம் தலைக்கேறும்வரை காத்திருந்து நாளைக்கு இரண்டு மூன்று போடுகிறார்கள். முதல் ஆறு வாரம் 1–2 மணி நேரத்துக்கு ஒன்று, அதாவது நாளுக்கு 9 துண்டாவது வேண்டும். 24-ஐத் தாண்டக் கூடாது. அடுத்த மூன்று வாரம் 2–4 மணி நேரத்துக்கு ஒன்று, கடைசி மூன்று வாரம் 4–8 மணி நேரத்துக்கு ஒன்று. மொத்தம் 12 வாரம். ‘இப்போது நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்று பத்தாம் நாளே நிறுத்துவதுதான் மூன்றாவது தவறு.

2 மி.கி., 4 மி.கி. என்று இரண்டு அளவு உண்டு. எழுந்த அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 4 மி.கி. தேவைப்படும். அதை டாக்டரிடம் கேட்டு வாங்குங்கள். நாளுக்குப் பத்துக்கு மேல் பிடித்தவர்களுக்கான பேட்ச் வழக்கம்: 21 மி.கி. ஆறு வாரம், பிறகு 14 மி.கி. இரண்டு வாரம், 7 மி.கி. இரண்டு வாரம். தினமும் காலையில் முடியில்லாத உலர்ந்த தோலில், வேறு வேறு இடத்தில் ஒட்டுங்கள். கனவு தொல்லை கொடுத்தால் படுக்கும்போது எடுத்துவிடலாம். டாக்டர் சம்மதித்தால் பேட்ச்சோடு சூயிங்கத்தையும் சேர்ப்பது, ஒன்றை மட்டும் பயன்படுத்துவதைவிட நல்ல பலன் தரும்.

வரெனிக்ளின், புப்ரோபியான் என்ற மாத்திரைகளும் இருக்கின்றன. இரண்டுமே டாக்டர் சீட்டோடுதான், விடும் தேதிக்கு ஒரு வாரம் முன்பே தொடங்க வேண்டியவை. வலிப்பு வந்தவர்களுக்குப் புப்ரோபியான் ஆகாது. கர்ப்பிணிகளும் சமீபத்தில் மாரடைப்பு வந்தவர்களும் எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

தமிழிலேயே பேசி ஆலோசனை கேட்க 1800-11-2356 என்ற இலவச எண் இருக்கிறது. நீங்கள் தூக்கிப்போட்ட பாக்கெட்டிலேயே அச்சிட்டிருக்கும்.

முதல் நான்கு வாரம்

காலைக்கடன்தான் யாரும் வெளியே சொல்லாத பிரச்சினை. ‘ஒரு தம் போட்டால்தான் வரும்’ என்பது கற்பனை அல்ல, நிகோடின் குடலைத் தூண்டுவது உண்மை. விட்டதும் சிலருக்கு மலச்சிக்கல் வரும், அந்த எரிச்சலிலேயே இரண்டாம் வாரம் திரும்பிவிடுகிறார்கள். முதல் நாளிலிருந்தே ராத்திரி இசப்கோல் இரண்டு ஸ்பூன் ஒரு பெரிய டம்ளர் தண்ணீரில், காலையில் எழுந்ததும் வெந்நீர், நாளுக்கு இரண்டு வாழைப்பழம். சர்க்கரை நோயாளிகள் பழத்துக்குப் பதில் கீரையைக் கூட்டுங்கள்.

காபியைப் பாதியாக்குங்கள். சிகரெட் புகை காஃபினை உடம்பிலிருந்து வேகமாக வெளியேற்றிக்கொண்டிருந்தது. புகை நின்றதும் அதே இரண்டு டம்ளர் காபி கூடுதலாக வேலை செய்யும். படபடப்பு, தூக்கமின்மை வரும், பழி சிகரெட்டை விட்டதன்மேல் விழும். இதே காரணத்தால் தியோஃபிலின், க்ளோசபின் போன்ற மாத்திரை எடுப்பவர்களும், வேறு காரணத்தால் இன்சுலின் போடுபவர்களும் விடும் தேதியை டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். அளவை மாற்ற வேண்டியிருக்கலாம்.

இருமல் சில வாரம் கூடலாம், சளி வெளியேறுகிறது என்று அர்த்தம். ரத்தம் வந்தாலோ, மூன்று வாரத்துக்கு மேல் நீடித்தாலோ டாக்டரிடம் காட்டுங்கள். பசி கூடும். பையில் மிக்சருக்குப் பதில் வேர்க்கடலை, வெள்ளரிக்காய், சோம்பு வையுங்கள். பாக்கு வேண்டாம், பாக்கே புற்றுநோய் உண்டாக்குவது. ஹான்ஸ் புகையிலையேதான். சிகரெட்டுக்குப் பதில் அதை உதட்டுக்குள் அதக்குவது விட்டதாகாது.

டீக்கடை

பட்டியலில் 5 விழுந்த இடம் பெரும்பாலும் இதுதான். எப்படி நடக்கிறது என்று கூர்ந்து பாருங்கள்: டீ சொல்கிறீர்கள், மாஸ்டர் ஆற்றும் அந்த ஒரு நிமிடத்தில் கை தானாகக் கடைக்காரர் பக்கம் நீள்கிறது. லைட்டர் கயிற்றில் தொங்குகிறது. கிளாஸ் இடதுகையில், சிகரெட் வலதுகையில். ஒரு வாய் டீ, ஒரு இழுப்பு. அந்த ஜோடிதான் பழக்கம்.

முதல் ஒரு மாதம் கடையை மாற்றுங்கள். முடியாதென்றால் உள்ளே பெஞ்சில் உட்கார்ந்து, வலதுகையில் கிளாஸ், இடதுகையில் வடையோ பிஸ்கட்டோ வைத்துக் குடியுங்கள். வெளியே நின்று குடிக்காதீர்கள். ஏக்கம் சில நிமிடம் உச்சத்தில் இருக்கும், பிறகு தணியும். மணி பார்த்துப் பத்து நிமிடம் தாண்டிவிடுங்கள்.

நீட்டுகிற நண்பனிடம் சொல்லும் வார்த்தை முக்கியம். “விடப் பாக்குறேன்டா” என்றால் “இன்னைக்கு ஒண்ணு மட்டும்” என்பான். “நான் அடிக்கிறதில்ல மச்சான்” என்றால் அதற்குமேல் பேச இடமில்லை.

சில்லறையாக ஒன்று ஒன்றாகக் கிடைப்பதுதான் நம் ஊரின் பெரிய பொறி. பாக்கெட் வாங்கவில்லை, ஒன்றுதானே என்று மனம் சமாதானம் சொல்லும். ஒன்று 20 ரூபாய் என்று வைத்தாலும் நாளுக்குப் பத்து என்றால் மாதம் 6,000. அந்தப் பணத்தைத் தினமும் தனியாக எடுத்துவையுங்கள், மாதக் கடைசியில் வீட்டுக்கு ஏதாவது வாங்குங்கள். பிள்ளைகள் கையில் அதைக் கொடுத்த பிறகு, அடுத்த மாதம் பெட்டிக்கடைக்கு நடக்கக் கால் தயங்கும்.

மூன்றாம் மாதத்துக்குப் பிறகு

இப்போது ஆபத்து அன்றாடத்தில் இல்லை, அபூர்வமான நாட்களில் இருக்கிறது. கல்யாண வீட்டுக்கு முந்தைய ராத்திரி, நண்பர்களோடு குடிக்கும் இடம், இழவு வீட்டில் கண் விழித்திருக்கும் நேரம். குடிதான் இதில் மோசமானது. முதல் மூன்று மாதம் அந்தப் பக்கமே போகாதீர்கள், அதற்குப் பிறகும் கவனமாக இருங்கள். இழவு வீட்டைத் தவிர்க்க முடியாது. சட்டைப் பையில் சூயிங்கம் இருக்கட்டும், ஆண்கள் தெருமுனைக்கு நடக்கும்போது நீங்கள் பந்தல் வேலையிலோ டீ கொடுக்கும் வேலையிலோ இறங்குங்கள்.

மீறி ஒன்று பிடித்துவிட்டால், பாக்கெட் வாங்காதீர்கள். ‘போச்சு, இனி திங்கட்கிழமையிலிருந்து’ என்று தள்ளிப்போடாதீர்கள், அந்தத் திங்கள் வருவதற்குள் பழைய கணக்கு வந்துவிடும். அன்று ராத்திரியே பழைய பட்டியலை எடுத்து மணி, இடம், யார் என்று ஒரு வரி சேருங்கள். அடுத்தமுறை அந்த இடத்தில் என்ன செய்வது என்று பக்கத்திலேயே எழுதுங்கள். சூயிங்கத்தின் 12 வாரம் இன்னும் முடியவில்லை என்றால், காலையில் அது வழக்கம்போல, அதே நேரத்துக்கு.